பழைய டர்போ கார் வாங்கப் போகிறீர்களா? டர்போவை விட்டுவிட்டு ஆயிலைப் பாருங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒருவர் தொண்ணூறுகளில் வந்த ஒரு டர்போ செடானை ஓட்டிக்கொண்டு வந்தார். டர்போ என்பது, என்ஜின் புகை ஒரு பக்கச் சக்கரத்தைச் சுற்ற, அதே தண்டில் இருக்கும் மறுபக்கச் சக்கரம் என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி. அந்தக் காரின் சைலன்சரில் நீலப் புகை. கார் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் இரண்டு முறை டர்போ மாற்றியாயிற்று. இப்போது மாட்டியிருப்பது மூன்றாவது, அதுவும் ஆயில் கக்குகிறது. "நீங்களாவது நல்ல டர்போவாகப் பார்த்துப் போடுங்க" என்றார்.

நான் டர்போ பக்கமே போகவில்லை. வால்வு கவரிலிருந்து கிளம்பும் பிரீதர் ஹோஸை, அதாவது என்ஜினுக்குள் சேரும் காற்றழுத்தத்தை வெளியேற்றும் ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன். தார் மாதிரி ஒரு பிசுக்கு அடைத்துக்கொண்டிருந்தது. வாயை வைத்து ஊதினால் காற்று போகவில்லை. அந்த ஹோஸ்களையும் நடுவிலிருந்த ஒருவழி வால்வையும் புதிதாகப் போட்டேன். டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்கும் பைப்பைக் கழற்றிக் கழுவினேன். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் தேங்கியிருந்த ஆயிலை வடித்தேன். இதைச் செய்யாமல் விட்டால் மற்றதெல்லாம் சரியான பிறகும் சில நாள் புகை வந்துகொண்டே இருக்கும், வேலை சரியில்லை என்று கார்க்காரர் நினைத்துக்கொள்வார். அப்புறம் ஸ்டார்ட் செய்து ஒரு சுற்று ஓட்டினோம். புகை இல்லை.

இது ஏன் இப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். டர்போவின் நடுப்பகுதியில் நாம் நினைப்பது போல ரப்பர் சீல் கிடையாது. பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய உலோக வளையங்கள்தான். ஆயில் மேலிருந்து பம்பின் அழுத்தத்தோடு வரும், பேரிங்கை நனைக்கும், பிறகு தன் எடையால் மட்டும் என்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்கு வடியும். கீழே தள்ளிவிட யாரும் இல்லை. பிரீதர் அடைத்து சம்புக்குள் காற்றழுத்தம் ஏறினாலும், வடியும் பைப்பில் கரி படிந்தாலும் ஆயில் இறங்க வழியில்லாமல் நடுவில் நிரம்பும். நிரம்பினால் வளையத்தைத் தாண்டி ஒரு பக்கம் புகைக்குழாய்க்கும் இன்னொரு பக்கம் இன்டர்கூலருக்கும் போகும். வெளியே நிற்பவருக்குத் தெரிவது நீலப் புகை மட்டும். உடனே "டர்போ போயிடுச்சு" என்று தீர்ப்பு வந்துவிடும். எய்தவன் இருக்க அம்பை நோகிற கதைதான்.

கவனிப்பில் இருக்கும் குறைக்கு டர்போவைப் பழிக்கும் இந்தக் குணம் டர்போ கார்களோடு பிறந்தது. 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை சிலிண்டருக்குள் தானாக வெடித்துத் தட்டுவது, வராமல் இருக்க அதில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். பலர் ஊற்ற மறந்தார்கள். கடைசியில் நிறைய கார்களில் டர்போவையே கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டர் மாட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு 1973-இல் பிஎம்டபிள்யூ 2002 டர்போ, அடுத்து போர்ஷே 911 டர்போ, எழுபதுகளின் கடைசியில் சாப் 99 டர்போ. இன்று கிளாசிக் என்று ஆசைப்பட்டு வாங்குவது பெரும்பாலும் இவற்றுக்கு அப்புறம் வந்த எண்பது, தொண்ணூறுகளின் கார்களை.

அந்தக் காலத்து டர்போக்களில், குறிப்பாக எண்பதுகளின் நடுப்பகுதி வரை வந்தவற்றில், பேரிங்கைக் குளிர்விக்க ஆயிலை விட்டால் வேறு வழி இல்லை. உள்ளே தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். பக்கத்திலேயே 900 டிகிரியைத் தொடும் புகை. வேகமாக ஓட்டி வந்து பட்டென்று சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், சூடு நிற்காது. தேங்கிய ஆயில் அங்கேயே வெந்து கரியாகும். தினமும் ஒரு துளி என்று வைத்துக்கொண்டாலும் பத்து வருடத்தில் பைப் அடைத்துவிடும். பின்னால் வந்த டர்போக்களில் தண்ணீர் ஓட வழி வைத்தார்கள், தொல்லை வெகுவாகக் குறைந்தது. நீங்கள் பார்க்கப் போகும் மாடலில் தண்ணீர் பைப் இருக்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள்.

காரைப் பார்க்கப் போகும்போது விற்பவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கப்படுகிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். சிலர் இதற்குக் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

அடுத்து டிப்ஸ்டிக். அளவு சரியாக இருக்கிறதா என்பதோடு விடாமல், ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலில் பெட்ரோல் கலந்து அதை நீர்க்கச் செய்திருக்கிறது. ஆயில் மூடியைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். பழுப்பு நிறத்தில் வழவழவென்று இருந்தால் பயமில்லை. கறுப்பாகக் கசடு ஒட்டியிருந்தால் சம்புக்குள் உறிஞ்சும் வலையும் அப்படித்தான் இருக்கும். அந்த வலை அடைத்துக்கொண்டால் முதலில் பட்டினி கிடப்பது டர்போ, அடுத்தது கிராங்க் பேரிங். இப்படிப்பட்ட கார் பிடித்துப்போய்விட்டால் சம்பைக் கழற்றிச் சுத்தம் செய்யும் செலவையும் விலைபேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டர்போவையே பார்க்க வேண்டுமென்றால், என்ஜின் ஆறியிருக்கும்போது காற்று உள்ளே போகும் பைப்பைக் கழற்றித் தண்டின் முனையைப் பிடித்து ஆட்டுங்கள். மேலும் கீழும் லேசாக ஆடும். அது ஆயில் படலத்துக்காக விட்ட இடைவெளி, அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். இறக்கைகள் சுவரில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் கையில் தெரிகிற அளவுக்கு ஆட்டம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

டெஸ்ட் டிரைவில் பிக்கப் மந்தமாக இருந்தாலும் டர்போவைக் குறை சொல்லாதீர்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் வெடித்த ஹோஸ்தான் காரணம். இருபது, முப்பது வருட ரப்பர், என்ஜின் சூட்டில் பிஸ்கெட் மாதிரி ஆகியிருக்கும். விரலால் அழுத்தினால் நொறுங்கும். மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் கடைசித் தலைமுறையில் இரண்டு டர்போவை ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்ய வைக்கும் வேக்குவம் ஹோஸ்கள் ஒரு நூல் சிக்கல் போல இருக்கும். அதில் எது கசிகிறது என்று கண்டுபிடிக்கப் புகை விட்டுப் பார்க்கும் கருவி வேண்டும். ஹோஸ் சுண்டைக்காய் கால் பணம், கழற்றி மாட்டும் சுமைகூலி முக்கால் பணம்.

டியூன் செய்த கார் என்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும். பூஸ்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, ஏற்றுவது ஒரு சின்ன வால்வைத் திருகுகிற வேலை, யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். அதற்கேற்ப பெட்ரோல் பம்பும் இன்ஜெக்டரும் மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. மாறவில்லை என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, நாக்கிங், பிஸ்டனில் ஓட்டை. 1989-இல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் ஒரிஜினல் டர்போவில் புகைப் பக்கத்துச் சக்கரம் செராமிக்கால் ஆனது. கம்பெனி வைத்த அளவை மீறிப் பூஸ்ட் ஏற்றினால் அது தண்டிலிருந்து பிய்ந்துவிடும். எதையும் மாற்றாமல் ஒரிஜினலாக இருக்கும் கார் இன்று கிடைப்பதே அபூர்வம், கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை. டியூன் செய்ததுதான் பிடித்திருக்கிறது என்றால் யார், எப்போது, என்ன செய்தார்கள் என்று பில் கேளுங்கள். வாய்ப் பேச்சு செல்லாது. ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்டும் எடுத்துவிடுங்கள், சிலிண்டருக்குச் சிலிண்டர் பெரிய வித்தியாசம் இருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம்.

துரு பற்றி நீட்டவில்லை. என்ஜினை ஓவர்ஹால் செய்துவிடலாம், டர்போவுக்கும் நடுப்பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், அரித்துப்போன சேசிஸ்தான் பணத்தைத் தின்னும். அதே மாதிரி டாஷ்போர்டு பிளாஸ்டிக், அந்த மாடலுக்கே உரிய சென்சார், என்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோல் யூனிட். சாப் கம்பெனி 2011-இல் திவாலான பிறகும் என்ஜின் பாகங்கள் கிடைக்கின்றன, உட்புறத் துண்டுகளைத்தான் வலைபோட்டுத் தேட வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த சில மிட்சுபிஷி டர்போ கார்களின் கன்ட்ரோல் யூனிட்டில் கெப்பாசிட்டர் கசிந்து போர்டை அரிப்பது தெரிந்த வியாதி. திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பழைய ஹேண்ட்புக்கில் என்ன போட்டிருந்தாலும் 5,000 முதல் 8,000 கிலோமீட்டருக்குள் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுங்கள். வண்டி ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை. தண்ணீர் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள், ஆயில் சூடாக அதைவிட நேரம் எடுக்கும். வீட்டுக்கு வரும் கடைசி சில கிலோமீட்டரை மெதுவாக ஓட்டினாலே டர்போ ஆறிவிடும். கம்பெனி சொன்ன ஆக்டேனுக்குக் குறைந்த பெட்ரோல் வேண்டாம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது நிஜமாகவே டர்போ மாற்ற வேண்டி வந்தால் ஆயில் வரும் பைப்பையும் சேர்த்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவுக்குள் கையால் கொஞ்சம் ஆயில் ஊற்ற வேண்டும். இதைச் செய்யாமல் விட்டதால் புது டர்போ முதல் நாளே உலர்ந்து ஓடிக் கெட்டதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த செடான்காரர் கழற்றிய டர்போக்களில் ஒன்றை மட்டும் எறியாமல் டிக்கியில் வைத்திருந்தார். பெஞ்சில் வைத்துத் துடைத்துப் பார்த்தோம். சக்கரத்தை ஊதினாலே சுற்றியது, முன்பின் ஆட்டம் துளிகூட இல்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. அதைப் பழைய துணியில் சுற்றி மறுபடி டிக்கியில் வைத்துக்கொண்டு போனார்.