அஞ்சு பாகத் தண்ணி

போன மாதம் பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு நாட்டுப்படகு மீனவர் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். விசைப்படகு ஓடி அவருடைய நண்டு வலையெல்லாம் நாசம். பயிற்சிக்கு வந்திருந்த இறுதியாண்டு சட்ட மாணவரைப் பேசச் சொன்னேன்.

"எத்தனை மைல்ல நடந்துச்சு அண்ணே?"

"அஞ்சு பாகத் தண்ணி தம்பி."

தம்பி 'ஐந்து மைல்' என்று எழுதிக்கொண்டார்.

பாகம் என்பது இரு கை விரித்த அளவு, ஏறத்தாழ ஆறடி. மீனவர் சொன்னது ஆழம், தூரமல்ல. 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. ஐந்து மைல் என்று மனுவில் போனால் அந்தத் தடையே நமக்கு உதவாமல் போகலாம். வடகடலா (பாக் விரிகுடா) தென்கடலா (மன்னார் வளைகுடா), அங்கிருந்து பார்த்தால் கரையில் என்ன தெரிந்தது, படகில் ஜிபிஎஸ் இருந்ததா என்றெல்லாம் கேட்டிருக்க வேண்டும். இத்தனைக்கும் தம்பி செமஸ்டர் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவர். கேள்வி கேட்கத் தெரிகிறதா என்று எந்தத் தேர்வும் அவரைச் சோதித்ததில்லை. சட்டம் படித்தவர்கள் வழக்கறிஞர் தொழில் செய்ய எழுதும் அகில இந்திய பார் தேர்விலும் 100 கொள்குறி வினாக்கள்தான். அதில் கட்சிக்காரர் வாயே திறப்பதில்லை.

ஆனால் பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளில் இதற்கு இடம் இருக்கிறது. மூட் கோர்ட் என்னும் மாதிரி நீதிமன்ற வாதத்துக்கு 30 மதிப்பெண், சிவில் ஒன்றும் கிரிமினல் ஒன்றுமாக இரண்டு விசாரணைகளைப் பார்த்து எழுத 30, கட்சிக்காரர் சந்திப்பும் வழக்குத் தயாரிப்பும் அடங்கிய நாட்குறிப்புக்கு 30, வாய்மொழித் தேர்வுக்கு 10. வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் பேசும்போது இரண்டு முறை கூட இருந்து குறிப்பெடுத்தால், அதற்கு மட்டுமே 15.

அந்த 15 எப்படிக் கிடைக்கிறது என்பது ஊரறிந்த ரகசியம். ஒரே கட்சிக்காரர், ஒரே வரப்புத் தகராறு, நாலு நோட்டில்! மாணவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. கையெழுத்துப் போடுகிற நாங்களும் படித்துப் பார்ப்பதில்லை, நான் உட்பட.

வாய்மொழித் தேர்வு நடத்தும் ஆசிரியர்கள் இப்படிச் செய்து பார்க்கலாம். "கடல் அட்டை வச்சிருந்தான்னு எம்மவனப் பிடிச்சிட்டுப் போயிட்டாக" என்று ஒரு தாய் சொல்லும் ஒற்றை வரியை மட்டும் கொடுங்கள். சட்டப்பிரிவு வேண்டாம், அடுத்துக் கேட்கவேண்டிய பத்துக் கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். கடல் அட்டை என்னும் கடல்வாழ் உயிரினம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பது எல்லோருக்கும் மனப்பாடம். பிடித்தது வனத்துறையா போலீசா, அங்கே ஏதாவது எழுதி வாங்கினார்களா என்று முதலில் கேட்கிறவருக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமும் வனத்துறை அதிகாரி பதிவுசெய்ததும் நீதிமன்றத்தில் ஒன்றல்ல.

நம்ம தம்பியை மறுநாள் அந்த மீனவருடனேயே பாம்பனுக்கு அனுப்பினேன். வெயிலில் கறுத்துத் திரும்பி, நாட்குறிப்பில் நாலு பக்கம் எழுதியிருந்தார். எழுத்துப்பிழை நிறைய. கையெழுத்துப் போடும் முன் முழுவதும் படித்தேன்.