ஐபோனில் தட்டிக் கட்ட ஆசைப்பட்டு ஓடிபி கொடுப்பவர்களுக்கு

கடைகளுக்குக் கார்ட் மெசினும் கியூஆர் அட்டையும் பொருத்திக் கொடுப்பது என் தொழில். கஸ்தூரியார் வீதி நகைக்கடைகள், திருநெல்வேலிச் சந்தைப் பக்கம், சுன்னாகம், சாவகச்சேரி என்று யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கிறேன். மெசின் பழுது என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பாதி நேரம் மெசினில் ஒன்றும் இராது; யாரோ ஒருவரின் போனைப் பற்றிய கேள்விதான் காத்திருக்கும். அதற்கும் பொறுமையாகப் பதில் சொல்லி வந்தேன். ஆனால் போன கிழமை ஒரு புடவைக்கடையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சொன்னதைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. இப்படி ஏமாந்த முதல் ஆளும் அவர் இல்லை.

கனடாவில் இருக்கும் மகள் அவருக்கு ஐபோன் அனுப்பியிருக்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த உறவினர்கள் கடை கடையாகப் போனைத் தட்டிக் காசு கட்டுவதை அம்மா பார்த்திருக்கிறார். அதே மாதிரிப் போன், அதே மெசின். ஆனால் இங்குள்ள தன் வங்கிக் கார்டை அந்தப் போனில் ஏற்றப் பார்த்தால் ஏறவில்லை. வங்கியில் கேட்டதற்கு, "அது எங்கட கையில இல்லை அம்மா" என்றார்களாம். அப்புறம் முகநூலில் ஒரு விளம்பரம்: ஐபோனில் தட்டிக் கட்டும் வசதியைத் திறந்து தருகிறோம். கார்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினார். ஓடிபி வந்தது, அதையும் கேட்டார்கள். கொடுத்தார். ஓய்வூதியக் காசு போய்விட்டது.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐபோனில் தட்டிக் கட்டும் வசதியை எந்தப் போன் கடைக்காரராலும், எந்த முகநூல் தம்பியாலும் திறந்து தர முடியாது. போனைச் செய்த நிறுவனமும் உங்கள் வங்கியும் சேர்ந்து விட்டால்தான் கார்ட் ஏறும். போனில் நாட்டை மாற்றினாலும் ஏறாது. "செய்து தருகிறேன்" என்பவர் பொய் சொல்கிறார். இதில் விதிவிலக்கே இல்லை.

சரி, அந்த அம்மா கேட்ட கேள்வி நியாயமானது. காசு கொடுத்து வாங்கிய போன். உள்ளே என்எஃப்சி சில்லும் அன்ரெனாவும் இருக்கின்றன; போனைக் கிட்டக் கொண்டுபோனால் கம்பியில்லாமல் மெசினுடன் பேசுவது இவைதான். வங்கியிடம் சொந்தச் செயலி இருக்கிறது. பிறகு ஏன் அந்தச் செயலி அந்தச் சில்லு வழியாகக் கடை மெசினுடன் பேச முடியாது? வீட்டையும் வளவையும் விற்றுவிட்டுக் கிணற்றுத் துலாவை மட்டும் தன் பெயரில் வைத்துக்கொண்ட கதை இது.

ஐபோனில் கார்டை ஏற்றித் தட்டிக் கட்டும் அப்பிளின் சேவைதான் அப்பிள் பே. அது 2014 ஒக்டோபரில் அமெரிக்காவில் தொடங்கியது. அன்றிலிருந்து நீண்ட காலம், ஐபோனைத் தட்டிக் கட்டுவதென்றால் அப்பிளின் வழியாக மட்டும்தான். அன்ட்ரொயிட்டில் கதை வேறு. 2013இல் வந்த 4.4 பதிப்பிலேயே, தனிப் பாதுகாப்புச் சில்லு இல்லாமல் மென்பொருள் வழியாகவே ஒரு செயலி கார்ட் போல நடந்துகொள்ள கூகுள் இடம் கொடுத்துவிட்டது. இதை எச்சிஇ என்பார்கள். வங்கி விரும்பினால் தன் செயலியிலேயே தட்டும் வசதியை வைக்கலாம், அதற்காகக் கூகுளிடம் போய் நிற்கத் தேவையில்லை.

இதில் காசுக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்க நீதித்துறை 2024 மார்ச்சில் அப்பிளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், அப்பிள் பே வழியாகப் போகும் ஒவ்வொரு கடன் அட்டைப் பரிவர்த்தனைக்கும் அட்டை வழங்கிய வங்கியிடம் 0.15 வீதம் வாங்கப்படுகிறது என்றும், சாம்சங்கும் கூகுளும் அப்படி வாங்குவதில்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறது. ஒரு லட்சம் ரூபா நகைக்கு 150 ரூபா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தனியே பார்த்தால் சின்னத் தொகை. ஐபோன் வைத்திருப்பவர்கள் கொஞ்சப் பேரே இருக்கும் நாட்டில், ஒரு சின்ன வங்கி இதற்காக ஒப்பந்தம் பேசி, சட்டத்தரணி வைத்து, மென்பொருள் மாற்றி முடிப்பதற்குள் அந்த ஆசையையே விட்டுவிடும். எங்கள் ஊர்ச் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஐரோப்பாவில் இதைச் சும்மா விடவில்லை. ஐரோப்பிய ஆணைக்குழு 2020 யூனில் விசாரணையைத் தொடங்கியது. 2024 யூலை 11இல் அப்பிள் கொடுத்த வாக்குறுதிகளைப் பத்து ஆண்டுகளுக்குச் சட்டப்படி கட்டுப்படுத்துபவையாக ஆக்கியது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள், அப்பிள் பே இல்லாமலேயே, இலவசமாக, எச்சிஇ வழியில் மற்றவர்களும் என்எஃப்சியைப் பயன்படுத்தலாம். மீறினால் உலக வருமானத்தில் 10 வீதம் வரை தண்டம். அதே ஆண்டு டிசம்பரில் நோர்வேயின் விப்ஸ் என்ற கொடுப்பனவு நிறுவனம் தன் செயலியிலேயே ஐபோனைத் தட்டிக் கட்டும் வசதியைத் தொடங்கியது. 2025இல் ஜேர்மனியில் பேபாலும் வந்தது. ஒஸ்லோவில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். விப்ஸைத் தெரியாத ஆள் அங்கே கிடையாது.

ஐரோப்பாவுக்கு வெளியே சில நாடுகளிலும் மற்றவர்களின் செயலிகளுக்கு என்எஃப்சியைத் திறப்பதாக 2024 ஓகஸ்டில் அப்பிள் ஓர் அறிவிப்பு விட்டது. அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், பிரேசில். அங்கெல்லாம் ஒப்பந்தம் எழுத வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். அந்த அறிவிப்பில் இலங்கை இல்லை. எங்கள் உறவுகள் இருக்கும் நாடுகள் எல்லாம் வந்துவிட்டன, நாங்கள் வரவில்லை. திருவிழாக் கூட்டத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. அந்த வெளிச்சத்தில்தான் ஏமாற்றுக்காரன் கடை விரிக்கிறான்.

இனி, என்னை மிகவும் எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். "திறந்துவிட்டால் கள்ளன் உள்ளே வந்துவிடுவான், பூட்டியிருந்தால்தான் பாதுகாப்பு." படித்தவர்கள், வங்கியில் வேலை செய்கிறவர்கள்கூட இதைச் சொல்கிறார்கள். கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

எதைத் திறப்பது? ஐபோனுக்குள் கார்டின் இரகசியங்களை வைத்திருக்கும் தனிப் பாதுகாப்புச் சில்லு ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் திறந்தது அதையல்ல. உங்கள் வங்கியின் செயலி அன்ரெனா வழியாக மெசினுடன் பேசலாம் என்ற அனுமதியை மட்டும்தான். அப்பிளின் பெட்டகம் அப்படியே பூட்டிக் கிடக்கிறது. வங்கி தன் திறவுகோல்களைத் தன் செயலியிலும் தன் சேர்வரிலும் வைத்துக்கொள்கிறது. அதற்குரிய பொறுப்பும் வங்கியினுடையது. உங்கள் கணக்கையே பார்த்துக்கொள்கிற வங்கியை, அந்தக் கணக்கிலிருந்து ஆயிரம் ரூபா கட்டும் வேலைக்கு நம்ப மாட்டோம் என்றால் அது என்ன நியாயம்?

அடுத்தது, தட்டும்போது என்ன போகிறது? போனிலிருந்து மெசினுக்குப் போவது உங்கள் கார்டின் உண்மையான இலக்கம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு மாற்று இலக்கமும், அந்த ஒரு தடவைக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு சங்கேதக் குறியீடும் போகின்றன. அதை யாராவது பிடித்து வைத்தாலும் மறுதடவை பயன்படாது. அதுவும் சில சென்ரிமீற்றர் தூரத்தில்தான் நடக்கும். போனின் திரை பூட்டியிருந்தால் வழக்கமாகக் கடை மெசினுக்குக் காசும் போகாது.

"பஸ்ஸில் ஒருத்தன் மெசினைக் கொண்டுவந்து பொக்கற்றில் தேய்த்தால்?" கடையில் என்னிடம் இதைக் கேட்காத ஆளில்லை. மெசின் எடுக்க வியாபாரப் பதிவு வேண்டும், அடையாள அட்டை வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். அந்தப் பத்திரங்களை வாங்கிக் கொடுக்கிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன்: தன் பெயரும் விலாசமும் எழுதிக் கொடுத்துவிட்டுத் திருடுகிற கள்ளன் சுலபமாகப் பிடிபடுவான். நான் பார்த்த இழப்பு ஒன்றுகூட அன்ரெனா வழியாகப் போகவில்லை. வாய் வழியாக, வாட்ஸ்அப் வழியாக, ஓடிபி வழியாகத்தான் போயிருக்கிறது.

அப்படியென்றால் என்எஃப்சி மூலம் மோசடியே நடந்ததில்லையா? நடந்திருக்கிறது, மறைக்கவில்லை. என்கேற் என்ற அன்ட்ரொயிட் தீம்பொருளைப் பற்றி ஈசெற் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2024 ஓகஸ்டில் எழுதியது. செக் குடியரசில் நடந்தது. ஆனால் எப்படி நடந்தது என்று பாருங்கள். வரிப்பணம் திரும்பக் கிடைக்கும் என்று முதலில் ஒரு குறுஞ்செய்தி. பிறகு வங்கியிலிருந்து பேசுவதாக ஓர் அழைப்பு. கூகுளின் செயலிக் கடைக்கு வெளியே இருந்து ஒரு செயலியை இறக்கச் செய்து, அதில் கார்டின் இரகசிய பின் (PIN) இலக்கத்தைத் தட்டச்சு செய்ய வைத்து, கார்டைப் போனின் பின்பக்கம் வைக்கச் சொன்னார்கள். அந்தச் சமிக்ஞையை இன்னொரு போனுக்கு அனுப்பி ஏரிஎம்மில் காசு எடுத்தார்கள். பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு படியிலும் தானே கதவைத் திறந்து கொடுத்திருக்கிறார். எங்கள் ஆசிரியை அம்மாவின் போனோ பூட்டப்பட்ட போன். பூட்டு அவரைக் காப்பாற்றியதா?

எதிர்ப்பக்கத்தில் நான் மதிக்கும் வாதம் ஒன்று உண்டு. 2017 மார்ச்சில் அவுஸ்திரேலியாவின் போட்டி ஆணைக்குழு, நாலு வங்கிகள் ஒன்றுசேர்ந்து அப்பிளுடன் பேரம்பேச அனுமதி கேட்டபோது மறுத்தது. வன்பொருளையும் மென்பொருளையும் சேர்த்தே செய்வது அப்பிளின் வழி, அதைத் தளர்த்தினால் ஐபோனுக்கும் அன்ட்ரொயிட்டுக்கும் இடையிலான போட்டி மங்கலாம் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் அது வங்கிகள் கூட்டாகப் பேரம்பேசலாமா என்ற கேள்விக்கான பதில். பாதுகாப்பு உடைந்துவிடும் என்று யாரும் அதை வைத்து வாதாடக் கூடாது.

திறப்பதால் என்ன நடக்கும் என்று பார்க்க வெளிநாடு போகத் தேவையில்லை. எங்கள் மத்திய வங்கி 2018இல் லங்காகியூஆர் என்று ஒரே தரத்தைக் கொண்டுவந்தது. கடையில் ஓர் அட்டைதான், அதில் சேர்ந்த எந்த வங்கியின் செயலியும் அதை வாசிக்கும். 2024 பெப்ரவரியில் இந்தியாவின் யூபிஐ என்ற கொடுப்பனவு முறையும் அதோடு இணைந்தது. பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கும் இந்தியப் பயணி யாழ்ப்பாணத்துக் கடையில் தன் போன்பே செயலியால் கட்டிவிட்டுப் போகிறார். வங்கிகள் ஒன்றும் கவிழ்ந்து போகவில்லை. (கடைக்காரர்களே, உங்கள் அட்டையின்மேல் யாரும் வேறு கியூஆரை ஒட்டியிருக்கிறார்களா என்று காலையில் கடை திறந்ததும் பாருங்கள். இதைப் பல தடவை சொல்லிவிட்டேன்.)

கியூஆர் இருக்கும்போது தட்டுவது எதற்கு என்று கேட்கலாம். திருவிழாக் காலத்தில் நல்லூர்ப் பக்கம் நின்று பாருங்கள். அத்தனை சனத்துக்கு நடுவே போனில் டேட்டா அசையாது. வாடிக்கையாளர் செயலியைத் திறந்து சுற்றிக்கொண்டே நிற்பார், பின்னால் வரிசை. தட்டுவதற்கு அந்த நேரத்தில் போனில் இணையம் தேவையில்லை, மெசினுக்கு இருந்தால் போதும். கண் பார்வை குறைந்த வயதானவர்களுக்கும் இதுதான் சுலபம்.

ஆகவே என் நிலைப்பாடு ஒளிவுமறைவில்லாதது. போன் செய்யும் நிறுவனங்கள் என்எஃப்சியை உரிமம் பெற்ற வங்கிகளுக்கும் கொடுப்பனவு நிறுவனங்களுக்கும் இலவசமாகத் திறந்துவிட வேண்டும். ஐரோப்பாவுக்கு ஒரு நீதி, எங்களுக்கு ஒரு நீதி கூடாது. இலங்கை தனியாகக் கேட்டால் எடுபடாமல் போகலாம். மத்திய வங்கி கேட்காமலே இருப்பது அதைவிட மோசம். வங்கியில் வேலை செய்கிற தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள்: "எங்கட கையில இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். "யாராலும் இப்போது செய்ய முடியாது, செய்வதாகச் சொல்கிறவரை நம்பாதீர்கள்" என்று அந்த இரண்டாவது வசனத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் இருந்திருந்தால் அந்த அம்மா விளம்பரத்தைத் தேடிப் போயிருக்க மாட்டார்.

மற்றவர்களுக்கு. கார்டைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள், மகனுக்கும் கூட. ஓடிபி வந்தால் இலக்கத்தை மட்டும் பார்க்காமல் முழுச் செய்தியையும் வாசியுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கார்ட்கள் போன் பணப்பையில், அதாவது கார்டை ஏற்றி வைக்கும் வொலற் (wallet) செயலியில் ஏறும். செய்தியில் "கார்டைப் பணப்பையில் சேர்க்க" என்று பொருள்படும் ஆங்கில வரி இருந்தால், அந்த ஓடிபி ஒரு கொள்வனவுக்கானது இல்லை. அதைக் கொடுத்தால் உங்கள் கார்ட் இன்னொருவரின் போனுக்குள் போய்க் குடியேறிவிடும். பிறகு அவர் கடை கடையாகத் தட்டுவார், உங்களிடம் ஓடிபி கேட்கவே மாட்டார். ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவருக்கு இங்கேயே இது நடந்தது. விமானச்சீட்டுத் திகதி மாற்றித் தருவதாகப் போனில் கேட்டதற்குக் கொடுத்திருக்கிறார்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். கார்டின் பின்பக்கம் உள்ள வங்கியின் தொலைபேசி இலக்கத்துக்கு உடனே எடுத்து முடக்கச் சொல்லுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். "என்ர கார்ட் எந்தப் போன் பணப்பையிலயாவது சேர்ந்திருக்கா, இருந்தா அதையும் நீக்குங்கோ" என்று தனியாகக் கேளுங்கள். புதிய கார்ட் வரும்போது பழைய மாற்று இலக்கம் தானாகவே அதனுடன் இணைந்துகொள்வது உண்டு. கார்ட் மாறியும் காசு போகிறது என்று திகைத்து நிற்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வைத்துக்கொண்டு, பொலிஸ் நிலையத்துக்குப் போகும்போது அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் கொண்டு போங்கள்.