சோழர் கப்பலும் கோத்தகிரி மூடுபனியும்: சிவி 7 ஆடுற கண்ணுங்களுக்கு

நாடு கட்டி ஆள்ற கம்ப்யூட்டர் கேம் சிவிலைசேஷன் 7, சுருக்கமா சிவி 7, 2025 பிப்ரவரி 11ஆம் தேதி வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி கோத்தகிரில நல்ல உறைபனி, எங்க வீட்டு நெட்டுக்கும் குளிர் பிடிச்சிருக்கும் போல, டவுன்லோட் முடியவே விடியக்காலை ஆகிடுச்சு. காத்திருந்து ஆடுனது என் பையன் இல்லீங்க, நான்தான். வயசு 44, தொழில் கண்ணு டெஸ்ட் பண்ணி பவர் எழுதித் தர்றது. ஊர்ல எல்லாரும் டாக்டர்னுதான் கூப்பிடுவாங்க, ஆனா நான் டாக்டர் இல்ல, ஆப்டோமெட்ரிஸ்ட், ஆபரேஷன், மருந்து விஷயமெல்லாம் கண் டாக்டர்கிட்டதான் அனுப்புவேன். காலேஜ் படிக்கும்போது கோயமுத்தூர் ஹாஸ்டல்ல ஒரு பொண்ணோட கம்ப்யூட்டர்ல சிவி 3 ஆட ஆரம்பிச்ச பழக்கம், இன்னும் விடல.

கேமைப் பத்தி முதல்ல சொல்லிடறேன், இல்லாட்டி கை ஓடாது. இந்தத் தடவை மொத்த ஆட்டத்தையும் மூணு காலமா வெட்டிட்டாங்க, பழங்காலம், கடல் தேடிப் போற காலம், நவீன காலம். கேம் வந்தப்போ இருந்தபடி, முதல் ரெண்டு காலமும் முடியும்போது ஒரு நெருக்கடி வரும், அப்புறம் நீங்க வேற நாகரிகமா மாறிடுவீங்க, தலைவர் மட்டும் அவரேதான். மௌரியரா ஆரம்பிச்சா ரெண்டாவது காலத்துல சோழர் எடுக்கலாம். ஆமா, சோழர்! 1991லேர்ந்து வர்ற இந்த வரிசைல ஆரம்பம் முதல் ஆடுறவங்களுக்குத் தெரியும், இந்தியான்னா காந்தி, அவ்வளவுதான் ரொம்ப வருஷமா. இப்போ நம்ம கப்பலுக்குப் பேரே கலம், கட்டடத்துக்குப் பேரு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம், ரெண்டையும் மேப்ல ஒரே கட்டத்துல கட்டுனா ஐந்நூற்றுவர் பேர்ல ஒரு வணிகப் பகுதி வந்துடும், மூணும் அந்தக் காலத்து வணிகர் குழுக்களோட பேரு, உலக அதிசயக் கட்டடமா தஞ்சாவூர் பெரிய கோவில். மணிக்கிராமத்தார் பேரு தாய்லாந்து தகுவாபா கல்வெட்டுல இருக்கு, ஐந்நூற்றுவர் பேரு சுமத்ரா பரூஸ் பக்கத்துல 1088ல வெட்டுன தமிழ்க் கல்வெட்டுல இருக்கு, அதையெல்லாம் தேடிப் பாத்துதான் வச்சிருக்காங்கன்னு நினைச்சப்போ எனக்கு சும்மா ஜிவ்வுன்னு இருந்துச்சு. ராஜேந்திரன் சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய அரசு மேல கப்பல் அனுப்புனது 1025, இந்த கேம் வந்தது 2025, சரியா ஆயிரம் வருஷம், பிளான் பண்ணாங்களோ தானா அமைஞ்சதோ. ஆனா தலைவரா ராஜராஜனும் இல்ல ராஜேந்திரனும் இல்ல. சோழ நாட்டை நெப்போலியனை வச்சு ஆள வேண்டியிருக்கு. சரி விடுங்க.

இப்போ என் தொழில் சம்பந்தமான முதல் அபிப்பிராயம். எழுத்து பொடிசு! ஒரு கட்டடத்து மேல மவுஸ் வச்சா வர்ற விளக்கம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, சாம்பல் பின்னணில மங்கலா. ஊர் வளர வளர மேப்ல வீடு எது, வயல் எது, என் ஆள் எங்க நிக்கறான்னு தெரியாம முகத்தை ஸ்க்ரீனுக்குள்ள விட்டுத் தேட வேண்டியிருக்கு. யூஐ, அதாவது ஸ்க்ரீன்ல வர்ற எழுத்து, பட்டன் அமைப்பு, சரியில்லன்னு உலகம் பூரா கத்தி, கேமைச் செஞ்ச ஃபிராக்ஸிஸ் கம்பெனியே திருத்தறோம்னு சொல்லிட்டாங்க. மத்தவங்களுக்கு அது அழகுப் பிரச்சனை, எனக்கு அது கணக்கு. ஸ்க்ரீனை 60 சென்டிமீட்டர்ல வச்சுப் பாத்தா கண்ணு போட வேண்டிய ஃபோகஸ் சுமார் 1.7 டயாப்டர் (கண்ணாடி பவரை அளக்கற அதே அளவு), அதையே 30 சென்டிமீட்டருக்குக் கொண்டு வந்தா 3.3, ரெண்டு மடங்கு. கண்ணுக்குள்ள லென்ஸைச் சுத்தி ஒரு சின்ன தசை இருக்கு, அதுதான் இந்த பளுவைத் தூக்குது, மணிக்கணக்கா இறக்கி வைக்காம.

நம்ம மலைல இது இன்னும் மோசம், ஏன்னா ஜனவரி பிப்ரவரில யாரும் மேஜைல உக்காந்து ஆடறதில்ல. கம்பளிய தலை வரைக்கும் போத்திக்கிட்டு, லேப்டாப்பை வயித்து மேல வச்சுக்கிட்டு, ரூம் ஹீட்டரை மூஞ்சிக்கு நேரா திருப்பி வச்சுக்கிட்டு. நானே முதல் வாரம் அப்படித்தான் ஆடுனேன், அடுத்தவங்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.

போன வாரம் ஒரு அம்மா பையனைக் கூட்டிட்டு வந்தாங்க, ப்ளஸ் டூ, பப்ளிக் பரீட்சை இதோ வந்தாச்சு. போர்டு தெரியலையாம். கீழ டவுன்ல ஒரு கண்ணாடிக் கடைல கம்ப்யூட்டர் டெஸ்ட் எடுத்து மைனஸ் 1.50 போட்டுக் குடுத்துட்டாங்க, போட்டா தலைவலி, கழட்டுனா மங்கல். "மேடம், ராத்திரி பூரா படிக்கறான், அதனாலதான் கண்ணு போயிடுச்சு"ன்னாங்க அம்மா. பையன் தரையப் பாத்தான். அவங்க வெளிய போய் டோக்கன் காசு கட்டுற கேப்ல நான் மெதுவா கேட்டேன், "தம்பி, எந்த காலத்துல இருக்க?" அவன் அப்படியே முழிச்சான். "கடல் காலம் மேடம். சோழர்." ரெண்டு வாரத்துல 61 மணி நேரம்னு, கேம் வாங்கி ஆடற ஸ்டீம் ஆப் காட்டுதாம்.

அவனைக் கண் டாக்டர்கிட்ட அனுப்பி, தசையத் தளர்த்துற சொட்டு மருந்து போட்டுட்டு மறுபடி பவர் பாத்தா, மைனஸ் 0.25. அவ்வளவுதான். மிச்சம் 1.25 எங்க போச்சுன்னா, அது இருந்ததே இல்ல. கிட்ட பாத்துப் பாத்து அந்தத் தசை இறுகிப் போய் விட மாட்டேங்குது, அதனால தூரம் மங்கலா தெரியுது, மெஷினும் அதை நிஜ பவர்னு நம்பி நம்பரை அடிச்சுக் குடுத்துடுது. பொய்க் கிட்டப்பார்வைன்னு சொல்லலாம். அதுக்கு மைனஸ் கண்ணாடி மாட்டி விட்டா தசைக்கு இன்னும் கூடுதல் வேலை குடுத்த மாதிரி. அதனால சின்னப் பசங்களுக்கு, முக்கியமா திடீர்னு பவர் வந்துச்சுன்னு சொல்றவங்களுக்கு, மெஷின் சீட்டை மட்டும் வச்சு கண்ணாடி வாங்காதீங்க, சொட்டு போட்டுப் பாத்தாங்களான்னு கேளுங்க. கேட்டா கோவிச்சுக்கற கடைல வாங்க வேணாம்.

அம்மாகிட்ட கேமைப் பத்திச் சொன்னேனான்னு கேக்கறீங்களா? அவனையே சொல்ல வச்சேன். அரை மணி நேரம் வெளிய சத்தம் கேட்டுச்சு, அப்புறம் அடங்கிடுச்சு.

சரி, இந்த மாதிரி கேம்ல ஒரு விசித்திரம் இருக்கு. சுடற கேம் மாதிரி இது உங்களை விரட்டாது. நீங்க டர்னை, அதாவது உங்க முறைய, முடிக்கற வரைக்கும் சோழ நாடும் நிக்கும், எதிரி நாடும் நிக்கும், எழுந்து போய் காபி போட்டுட்டு வந்தாலும் உங்க கலம் அங்கயேதான் மிதக்கும். கண்ணுக்கு இதைவிட நல்ல கேம் அமையாது, நியாயமா பாத்தா. ஆனா நடக்கறது தலைகீழ். ஒரு டர்ன் முடியும்போது அடுத்த டர்ன்ல ஏதோ ஒண்ணு முடியப் போகுது, கோவில் இன்னும் ரெண்டு டர்ன், கப்பல் மூணு டர்ன், எப்பவும் ஏதாவது ஒண்ணு வாசல்ல நிக்கும், "இன்னும் ஒரே ஒரு டர்ன்"னு மணி மூணாயிடும். நிறுத்த முடியற கேம்தான், நிறுத்தத்தான் மாட்டோம். அதனால நான் கேக்கறவங்ககிட்ட சொல்றது டைமர் வைங்கன்னு இல்ல, டைமரை நாமளே அமுக்கிட்டுப் போயிடுவோம். கம்ப்யூட்டர் நாடுங்க எல்லாம் தன்னோட வேலைய செஞ்சு முடிக்க சில நொடி எடுத்துக்குதுல்ல, டர்ன் பட்டனை அமுக்குன உடனே தலையத் திருப்பி ஜன்னலைப் பாருங்க. ஒவ்வொரு தடவையும். ஆட்டம் வளர வளர அந்தக் காத்திருப்பும் நீளும், உங்க கண்ணுக்கும் அப்பத்தான் ரெஸ்ட் அதிகமா வேணும். கூடவே எல்லாரும் சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு, 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடிக்கு அப்பால 20 நொடி, அதையும் வச்சுக்கலாம்.

இதுல நம்ம ஊருக்குன்னே ஒரு சிக்கல். ஜன்னலைப் பாருங்கன்னு சொன்னேன், ஆனா மூடுபனி இறங்கியிருக்கும்போது வெளிய வெறும் வெள்ளைதான். எதுவுமே இல்லாத வெள்ளையப் பாத்தா கண்ணு தூரத்துக்குப் போயிடும்னு நினைப்போம், போகாது. பிடிச்சுக்க எதுவும் இல்லன்னா ஃபோகஸ் தானா கிட்ட வந்து, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தூரத்துல நின்னுக்கும். மேகத்துக்குள்ள போற விமானிகளுக்கு இது பெரிய தலைவலி, அதுக்காகவே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. ஸோ பனியைப் பாக்காதீங்க, பனிக்குள்ள தெரியற ஏதாவது ஒண்ணைப் பாருங்க, தோட்டத்து சில்வர் ஓக் மரத்தோட தண்டு, எதிர் வீட்டு லைட்டு, ரோட்டு வளைவுல நிக்கற பஸ்ஸோட முன்விளக்கு, எதுவா இருந்தாலும் சரி. வெயில் அடிக்கற நாள்ல கேக்கவே வேணாம், ரங்கசாமி முடி மலை வரைக்கும் தெரியும், மெட்ராஸ்காரங்களுக்கு எல்லாம் எதிர் அபார்ட்மெண்ட் சுவர்தான்.

அடுத்தது கண்ணு சிமிட்டறது. சாதாரணமா நிமிஷத்துக்கு 15 தடவை கிட்ட சிமிட்டுவோம், ஸ்க்ரீன்ல மூழ்குனா 5, 7ன்னு இறங்கிடும், அதுலயும் பாதி சிமிட்டல் அரைகுறை, மேல் இமை கீழ வரைக்கும் வந்து தொடாது. குளிர்காலத்துக் காத்து காஞ்சது, அதுக்கு மேல ஹீட்டர் காத்து, கண்ணீர்ப் படலம் கிழிஞ்சு போய் மண்ணு விழுந்த மாதிரி உறுத்தும். சில பேருக்கு உறுத்தல்ல தண்ணியா ஊத்தும், "கண்ணுல தண்ணி ஊத்துது, நீங்க வறட்சின்னு சொல்றீங்களே"ன்னு சண்டைக்கு வருவாங்க, ரெண்டும் ஒண்ணுதாங்க, காஞ்ச கண்ணு எரிச்சல்ல ஊத்தற தண்ணி அது. வீட்டுல இருந்து வேலை பாக்கற ஐடி தம்பி ஒருத்தர் பகல்ல ஆபீஸ் ஸ்க்ரீன், ராத்திரி சிவின்னு இருந்துட்டு வந்தார், சிகப்பு கண்ணோட. ஹீட்டரை முதுகுப் பக்கம் வைங்க, கீழ ஒரு பாத்திரத்துல தண்ணி வைங்க, வெதுவெதுப்பான துணிய மூடுன இமை மேல அஞ்சு பத்து நிமிஷம் வைங்க, இமை ஓரத்துல இருக்கற எண்ணெய்ச் சுரப்பி திறந்துக்கும்னு சொன்னேன். அவர் அதுக்குள்ள மெடிக்கல்ல ஒரு சொட்டு வாங்கி மூணு வாரமா விட்டுக்கிட்டு இருந்தார். பாட்டிலைத் திருப்பிப் பாத்தா ஸ்டீராய்டு. போட்ட உடனே வெள்ளையாயிடுச்சாம், பிரமாதமாம்.

இதுக்கு மட்டும் நான் குரலை உசத்துவேன். டாக்டர் எழுதாம ஸ்டீராய்டு சொட்டு விட்டா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி குளுக்கோமா வரலாம், புரை வரலாம், குளுக்கோமால போன பார்வை திரும்பாது, வலியும் தெரியாது. கேமால யாருக்கும் கண்ணு போய் நான் பாத்ததில்ல, இந்தச் சொட்டால போய்ப் பாத்திருக்கேன். வறட்சிக்குன்னா கண்ணீர் மாதிரியான சொட்டு தனியா இருக்கு, நாளைக்கு நாலு தடவைக்கு மேல தேவைப்படுதுன்னா ப்ரிசர்வேட்டிவ் (கெடாம இருக்கச் சேக்கற மருந்து) இல்லாததா டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க.

நீல வெளிச்சக் கண்ணாடி வாங்கலாமான்னு தினம் நாலு பேர் கேக்கறாங்க. 2023ல மருத்துவ ஆராய்ச்சிகளை அலசிப் பாக்கற காக்ரேன் அமைப்பு 17 ஆராய்ச்சிகளைச் சேத்து வச்சுப் பாத்துச்சு, கண்ணு சோர்வுக்கு சாதாரண கண்ணாடிய விட அது பெருசா எதுவும் செய்யறதா தெரியல. நான் அதை விக்கறதில்ல, அதனால எனக்கு நஷ்டம்தான். கேரட்டும் அதே மாதிரி. கேத்தி பள்ளத்தாக்குல லாரி லாரியா கேரட் போகுது, அதைச் சாப்பிட்டு கண்ணாடி கழட்டுன ஒருத்தரையும் காணோம். விட்டமின் ஏ குறைஞ்சவங்களுக்கு அது உதவும், பவருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

என்னை மாதிரி 40 தாண்டுன ஆளுங்களுக்குத் தனியா ஒண்ணு. ப்ரோக்ரஸிவ் கண்ணாடி (தூரம், கிட்ட ரெண்டும் ஒரே லென்ஸ்ல) போட்டுக்கிட்டு பெரிய மானிட்டர்ல ஆடுனா, கிட்டப் பாக்கற பவர் லென்ஸோட அடில இருக்கறதால தாடையத் தூக்கிக்கிட்டே இருப்போம், ரெண்டு நாள்ல கழுத்து பிடிச்சுக்கும், தலகாணி மேல பழி போடுவோம். கம்ப்யூட்டர் தூரத்தை அளந்துட்டு வந்து அதுக்குன்னு ஒரு கண்ணாடி போட்டுக்கங்க, மானிட்டரோட மேல் விளிம்பு கண்ணு மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ இருக்கட்டும். செட்டிங்ஸ்ல யூஐ அளவை ஏத்துங்க, கௌரவம் பாக்காதீங்க, நான் ஏத்திட்டேன்.

வீட்டுல பத்து வயசு பசங்க இருந்தா அது வேற கதை. சீனாவுல குவாங்சோ ஊர்ல ஸ்கூல் பசங்களை தினம் 40 நிமிஷம் கூடுதலா வெளிய விட்டு 3 வருஷம் பாத்தாங்க, விடாத ஸ்கூல்ல 39.5% பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, விட்ட ஸ்கூல்ல 30.4%. வெளி வெளிச்சம்தான் விஷயம், மேகமா இருந்தாலும் ரூமை விட வெளிய பல மடங்கு வெளிச்சம். ஸ்வெட்டரைப் போட்டு விரட்டி விடுங்க. அப்புறம் யாருக்கா இருந்தாலும், திடீர்னு கண்ணுக்குள்ள மின்னல் வெட்டுனா, கொசு மாதிரி புள்ளிங்க ஒரேயடியா பறந்தா, ஓரத்துல திரை விழுந்த மாதிரி இருந்தா, அது கேம் களைப்பு இல்ல, விழித்திரை விஷயம், அன்னைக்கே பஸ் ஏறி விழித்திரை பாக்கற டாக்டர்கிட்ட போயிடுங்க, காலைல பாத்துக்கலாம்னு தூங்கிடாதீங்க.

அந்தப் பையன் நேத்து மறுபடி வந்தான், கண்ணாடி இல்லாமலே போர்டு தெரியுதாம், தலைவலியும் இல்ல. லேப்டாப் பரீட்சை முடியற வரைக்கும் அம்மாவோட பீரோல. போகும்போது கதவுகிட்ட நின்னு, "மேடம், ஆழ்கடல் எப்படித் தாண்டுனீங்க, எனக்குக் கப்பல் எல்லாம் அடி வாங்கி முழுகுது"ன்னு கேட்டான். பரீட்சை முடிஞ்சு வா, சொல்லித் தரேன்னேன். நிஜத்தைச் சொன்னா, என் கலமும் போன ஞாயித்துக்கிழமை பாதிக் கடல்ல முழுகிடுச்சு.