நசுக்காதே, ஊதிவிடு!

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் போதும், கழுத்திலும் கன்னத்திலும் சிவப்புக் கோட்டோடு பிள்ளைகள் என்னிடம் வர ஆரம்பித்துவிடுவார்கள். சூடான கம்பியால் இழுத்தது போல நீளமாக இருக்கும். நடுவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். சிலருக்கு அதன் மேல் காவி பூசியிருக்கும். அக்கி என்று நினைத்து, வீட்டுப் பெரியவர்கள் அழைத்துப்போய் எழுதிவிட்டிருப்பார்கள்.

அக்கி வேறு, இது வேறு. முன்பு சின்னம்மை வந்தபோது நரம்பில் தங்கிவிட்ட கிருமி, பல வருடம் கழித்து விழித்துக்கொள்வதால் வருவது அக்கி. சின்னப் பிள்ளைகளுக்கு அது அபூர்வம். இந்தக் கோட்டுக்குக் காரணம் ஒரு வண்டு. சரியாகச் சொன்னால், அந்த வண்டை வைத்து நீங்களே இழுத்துக்கொண்ட கோடு.

அதைப் பார்த்தால் வண்டு என்று சொல்லமாட்டீர்கள், எறும்பு என்பீர்கள். ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. கறுப்புத் தலை, ஆரஞ்சு உடம்பு, வால்நுனி மறுபடியும் கறுப்பு. முதுகில் நீலப்பச்சையாக மின்னும் குட்டையான சிறகுமூடி. முழுச் சிறகையும் அதற்குள்தான் மடித்து வைத்திருக்கிறது. அறிவியலில் இதன் பெயர் பேடரஸ். ஆசிட் பூச்சி என்றும் சொல்கிறார்கள். ஆனால் உள்ளே இருப்பது ஆசிட் இல்லை, பெடரின் என்ற நஞ்சு.

இது உங்களைக் கடிக்காது, கொட்டாது. மேலே ஊர்ந்து போனாலும் ஒன்றும் ஆகாது. நஞ்சு அதன் ரத்தத்தில் இருக்கிறது. பட்டென்று அடித்து நசுக்கித் தேய்த்தால்தான் அது உங்கள் தோலில் படும்.

“அதுதான் செத்துப்போச்சே டாக்டர், அப்புறம் விஷம் இருந்து அதுக்கு என்ன லாபம்?” என்று ஒரு சிறுமி கேட்டாள். நல்ல கேள்வி. லாபம் அதன் குஞ்சுகளுக்கு. இந்த நஞ்சைத் தயாரிப்பதே வண்டு இல்லை, அதன் உடம்பில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா. பெரும்பாலும் பெண் வண்டுகளிடம்தான் அது இருக்கும். தாய் வண்டு நஞ்சை முட்டையிலும் சேர்த்துவிடுகிறது. அந்த முட்டையிலிருந்து வரும் புழுவைச் சிலந்தி பிடித்தாலும், தின்னாமல் விட்டுவிடுகிறது. நம் தோலைப் பற்றி அந்த வண்டுக்கு எந்த எண்ணமும் இல்லை.

இதன் வீடு ஈரமான வயல். அங்கே நெல்லைக் கெடுக்கும் புகையான் போன்ற பூச்சிகளைத் தின்னும், விவசாயிக்கு நண்பன். ராத்திரியில் டியூப்லைட் வெளிச்சத்தைப் பார்த்து நம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. நீங்கள் அதன் கீழேதானே உட்கார்ந்து படிக்கிறீர்கள்?

அடித்தவுடன் எரியாது. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் மறுநாள்தான் சிவக்கும். அதற்குள் பூச்சியை அடித்ததே மறந்துபோயிருக்கும். முழங்கை மடிப்பில் நசுங்கினால், கையை மடக்கும்போது எதிர்ப்பக்கத்திலும் அதே வடிவம் அச்சாக விழும். அதைப் பார்த்தாலே எங்களுக்குப் புரிந்துவிடும்.

ஆகவே மேலே ஏறினால் ஊதிவிடுங்கள், அல்லது ஒரு காகிதத்தில் ஏறவிட்டு வெளியே விடுங்கள். நசுக்கிவிட்டீர்களா? உடனே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். கண் வீங்கினால் கண் மருத்துவரிடம் போக வேண்டும். பற்பசை, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம், அதற்கு மேல் இன்னொரு புண்ணுக்கு வைத்தியம் பார்ப்பது எனக்குத்தான் வேலை.

முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சிக்கு ஆயுதம் வெளியிலேயே இருக்கிறது. பகலில் கூட்டமாகத் தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். மரத்தில் சாய்ந்தால் நுண்ணிய முடிகள் தோலில் குத்தி உடைந்து நிற்கும். தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிட்டு, அப்புறம் கழுவுங்கள்.

அவரை, வெண்டைப் பூக்களில் கறுப்பும் ஆரஞ்சும் பட்டை பட்டையாக ஒரு வண்டு உட்கார்ந்திருக்கும். அது கொப்புள வண்டு. பிடித்து அழுத்தினால் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சள் திரவம் கசியும், பட்ட இடம் கொப்பளிக்கும். அதிலுள்ள காந்தாரிடின் என்ற நஞ்சை ஆண் வண்டு பெண்ணுக்குக் கொடுக்கிறது, பெண் அதை முட்டைகளுக்குக் காவலாகப் பூசுகிறது. அதே பொருளை, அளந்து, மரு போக்க மருத்துவர்கள் பயன்படுத்துகிறோம். ஆனால் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தவழும் தம்பி தங்கை இருக்கும் வீட்டில் இந்த வண்டைத் தீப்பெட்டியில் போட்டு வளர்க்காதீர்கள்.

வண்டை யாராவது வாயில் போடுவார்களா என்று சிரிக்கவேண்டாம். சார்லஸ் டார்வின் போட்டிருக்கிறார்! கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் மரப்பட்டையை உரித்தபோது இரண்டு அபூர்வ வண்டுகள் கிடைத்தன, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதாக ஒன்று தெரிந்ததும், வலக்கையில் இருந்ததை வாயில் போட்டுக்கொண்டார். அது காரமான திரவத்தைப் பீய்ச்சி நாக்கைச் சுட்டுவிட்டது. துப்பிய வண்டும் போயிற்று, மூன்றாவதும் தப்பிவிட்டது.