முதன்முறை வந்தவர்கள் எங்கே போனார்கள்?

ஒரு சபையின் தலைமைக் குழுவுக்குப் பயிற்சி அளிக்கச் சென்றிருந்தேன். எழுதத் தாள் வேண்டுமென்று கேட்டபோது, சபைச் செயலாளர் அலுவலக மேசையின் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய அட்டைகள் கிடந்தன. நான்கு மாதங்களுக்கு முன் நடந்த நற்செய்திக் கூட்டத்தில், முதன்முறையாக வந்தவர்கள் தங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் செப விண்ணப்பத்தையும் எழுதிக் கொடுத்த அட்டைகள் அவை. ஒன்றில், "இரவில் தூக்கம் வருவதில்லை, எனக்காகச் செபியுங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ரப்பர் வளையம் இறுகி, மேல் அட்டையின் ஓரத்தில் தடம் பதிந்திருந்தது. அவர்களில் ஒருவரையேனும் யாராவது அழைத்துப் பேசியதற்கான குறிப்பு எதிலும் இல்லை. அன்று காலையில்தான் சபையை வழிநடத்தும் மூப்பர்கள், "எவ்வளவு உழைத்தும் சபை வளரவில்லை, அடுத்த கூட்டத்தை இன்னும் பெரிதாக நடத்தலாமா?" என்று என்னிடம் கேட்டிருந்தார்கள்.

சபைத் தலைவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பணியில் இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் குறை, அழைப்பதில் இருப்பதில்லை; வந்தவரைப் பொறுப்பேற்றுக்கொள்ள ஆள் இல்லாததில்தான் இருக்கிறது. சீஷர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் ஏறக்குறைய 3,000 பேர் சபையில் சேர்க்கப்பட்டதாக வேதாகமத்தின் அப்போஸ்தலர் நூல், 2-ஆம் அதிகாரம் சொல்வதை நாம் அடிக்கடி நினைவுகூருகிறோம். ஆனால் அதே அதிகாரத்தின் அடுத்த வசனங்கள், அவர்கள் உபதேசத்திலும் ஐக்கியத்திலும் அப்பம் பிட்குதலிலும் செபத்திலும் உறுதியாய்த் தரித்திருந்ததையும், வீடுகள்தோறும் கூடி உண்டதையும் சொல்கின்றன. எண்ணிக்கையை மனப்பாடம் செய்துகொண்டு, அந்த வீடுகளை மறந்துவிடுகிறோம்.

ஆகவே எந்தக் கூட்டத்தையும் திட்டமிடும் முன், புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் பொறுப்பாளி யார் என்பதைப் பெயர் குறித்து முடிவு செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துகிறேன். அந்தப் பொறுப்பாளி போதகராக இருக்க வேண்டியதில்லை. வந்தவரின் வயதுக்கும் வாழ்க்கைச் சூழலுக்கும் நெருக்கமான விசுவாசி ஒருவராக இருப்பதே மேல். முதல் வாரத்துக்குள் அழைத்து, அவர் எழுதிய விண்ணப்பத்தைப் பற்றி விசாரித்தால் போதும். "அடுத்த வாரம் வருவீர்களா?" என்ற கேள்வியை அந்த முதல் உரையாடலில் கேட்காதிருப்பது நல்லது, ஏனென்றால் வருகைப் பதிவேட்டை நிரப்பத்தான் அழைக்கிறார்கள் என்பதை மனிதர்கள் உடனே உணர்ந்துவிடுகிறார்கள். துன்பத்தில் இருப்பவருக்குச் செய்யும் உதவியும் அவ்வாறே. அவர் சபைக்கு வந்தாலும் வராவிட்டாலும் அது தொடர வேண்டும், அவர் வேண்டாம் என்றால் அதை மரியாதையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஆட்கள் எங்கே என்று கேட்கும் போதகர்களிடம், கடந்த ஏழு நாட்களில் தாம் செய்த வேலைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதச் சொல்வேன். ஒருவர் இரண்டு பக்கங்கள் எழுதினார். பிரசங்கத் தயாரிப்பு, மருத்துவமனைச் சந்திப்பு ஆகியவற்றோடு, ஆலயக் கதவைத் திறந்தது, மைக் சரிபார்த்தது, நாற்காலிகளை அடுக்கியது எல்லாம் அதில் இருந்தன. தம்மைத் தவிர வேறு எவராலும் செய்ய முடியாதவற்றுக்கு வட்டமிடச் சொன்னேன். பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்து, மூன்றுக்கு மட்டும் வட்டமிட்டார். சோம்பலால் எந்தச் சபையும் அந்த நிலைக்கு வருவதில்லை, அன்பினால்தான் வருகிறது என்பதால்தான் இதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. காலைமுதல் மாலைவரை மக்களின் வழக்குகளைத் தனியாக நியாயம் விசாரித்த, இஸ்ரவேலரின் தலைவர் மோசேயைப் பார்த்து அவருடைய மாமனார் எத்திரோ, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று எச்சரித்ததும், ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்குத் தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னதும் யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் உள்ளன. அந்த வரிசையில் பத்துப் பேருக்கான தலைவரே சபைக்கு இன்றியமையாதவர் என்பது என் கருத்து, ஏனெனில் ஒருவர் வராத வாரத்தில் அவர் வரவில்லை என்பதைக் கவனிப்பவர் அந்தத் தலைவர்தான்.

1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லியின் சங்கத்தார், கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி திரட்ட முடிவு செய்து, ஏறத்தாழ பன்னிரண்டு பேருக்கு ஒருவரைப் பொறுப்பாக வைத்தார்கள். காசு வாங்க வீடு வீடாகச் சென்றவர்கள், அங்கே வாழ்பவர்களின் உண்மை நிலையை அறிந்துகொண்டார்கள். கடனுக்காகத் தொடங்கிய அந்த ஏற்பாடே, அந்த இயக்கத்தைத் தாங்கிய 'வகுப்புக் கூட்டம்' என்ற சிறு குழுவாக மாறியது.

பொறுப்பை ஒப்படைப்பதிலும் ஒரு பிழை நேர்கிறது. வேலையைக் கொடுத்துவிட்டு, முடிவெடுக்கும் உரிமையைக் கையிலேயே வைத்துக்கொள்கிறோம். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் முறையிட்டவர்கள் கிரேக்க மொழி பேசியவர்கள். தங்கள் விதவைகள் அன்றாடப் பந்தியில் புறக்கணிக்கப்பட்டார்கள் என்பது அவர்களுடைய மனக்குறை. அந்தப் பந்தியைக் கவனிக்கத் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களோ, ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை, எல்லாமே கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்களின் தரப்பிலிருந்தே ஆட்களை நம்பிப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்றே நான் வாசிக்கிறேன். அதன்பின் சீஷருடைய தொகை மிகவும் பெருகிற்று என்ற செய்தி ஏழாம் வசனத்திலேயே வருகிறது. நம் தலைமைக் குழுவிலோ, நம்மோடு ஒத்துப்போகிறவர்களைத்தான் அமர்த்துகிறோம்.

அந்த அட்டைகளை அன்று மாலையே ஒன்பது பேர் பிரித்துக்கொண்டார்கள். சில எண்கள் பயன்பாட்டில் இல்லை. தூக்கம் வராதவரை மூப்பர் ஒருவர் என் எதிரிலேயே அழைத்தார். "எந்தச் சபையிலிருந்து பேசுகிறீர்கள்?" என்று மறுமுனையில் கேட்டதும் மூப்பர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, "இப்போதாவது தூங்குகிறீர்களா ஐயா?" என்று விசாரித்தார். நான் கிளம்பும்போதும் அவர் வாசற்படியில் உட்கார்ந்து அந்த மனிதர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.