வேட்பாளர் சொல்வது எந்த பென்ஷன்?

காலடிப்பேட்டையில் ஒரு தெருமுனைக் கூட்டம். "உழைத்த ஒவ்வொருவருக்கும் கௌரவமான ஓய்வூதியம் வாங்கித் தருவேன்" என்று சட்டமன்ற வேட்பாளர் பேசிவிட்டுப் போனார். மறுநாள் காலை நான் வருவதற்கு முன்பே ஒருவர் என் அலுவலகப் படியில் உட்கார்ந்திருந்தார். மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அடுத்த மாதம் 58 வயது நிறைகிறது.

"சார், என் பென்ஷனும் உயருமா?"

திருவொற்றியூரில் பதினெட்டு ஆண்டுகளாகத் தொழிலாளர்களுக்குப் பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிப் படிவம் நிரப்பித் தருகிறேன். தேர்தல் வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். பென்ஷன் என்று வேட்பாளர் சொன்னால், எந்த பென்ஷன் என்று கேளுங்கள். அதைக் கூட்டும் அதிகாரம் அவர் போகவிருக்கும் சபைக்கு உண்டா என்றும் கேளுங்கள்.

அரசு ஊழியர் ஓய்வூதியம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் ஊழியரும் பணம் கட்டுகிற பங்களிப்பு ஓய்வூதியம்தான். பழைய ஓய்வூதியத் திட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னது. 2026 ஜனவரியில் அறிவிப்பு வந்தபோது கடைசிச் சம்பளத்தில் பாதி உறுதி என்றார்கள். கூடவே ஊழியரிடம் 10 சதவீதப் பிடித்தமும் இருந்தது. பழைய திட்டத்தில் அந்தப் பிடித்தம் கிடையாது. முதியோர் உதவித்தொகையையும் மாநில அரசே கூட்டலாம். 2023-இல் மாதம் ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாயாகக் கூட்டியது.

ஆனால் மணலியிலும் எண்ணூரிலும் வேலை செய்கிற தனியார் தொழிலாளிக்கு வருவது 1995-ஆம் ஆண்டின் பி.எஃப். பென்ஷன். அது முழுக்க மத்திய அரசின் திட்டம். சம்பளத்தில் 12 சதவீதத்தை முதலாளி கட்டுகிறார்; அதிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகிறது. சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் கணக்குக்கு எடுப்பது 15,000 ரூபாய்தான். ஆக முதலாளியின் பங்காக மாதம் 1,250 ரூபாய்க்கு மேல் அதில் சேராது. குறைந்தபட்ச பென்ஷன் ஆயிரம் ரூபாய் என்று 2014-இல் வைத்தார்கள். அகவிலைப்படி கிடையாது. ஆயிரத்தை 7,500 ஆக்குங்கள், அகவிலைப்படியும் கொடுங்கள் என்று ஓய்வூதியர்கள் ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். அந்தக் கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயம். அதை நிறைவேற்ற வேண்டிய இடம் டெல்லி. சட்டமன்ற வேட்பாளர் அதற்காகக் குரல் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் வாங்கித் தருவேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

ஃபிட்டர் பிளாஸ்டிக் உறையிலிருந்து காகிதங்களை எடுத்து மேசையில் பரப்பினார். முப்பது ஆண்டு உழைப்பு, மூன்று கம்பெனி. முதல் இரண்டிலிருந்து விலகியபோது 10சி படிவம் போட்டு பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டார். ஒரு முறை தங்கையின் கல்யாணம், இன்னொரு முறை மழையில் இடிந்த சுவர். யாரும் அவரிடம் எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. எடுத்ததோடு அந்தச் சர்வீசும் போயிற்று. மிச்சம் இருப்பது 2014 கடைசியில் சேர்ந்த இந்தக் கம்பெனியின் 11 ஆண்டு. பென்ஷன் கணக்கிடும் விதிப்படி சம்பளமான 15,000-ஐ சர்வீஸ் ஆண்டான 11-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தேன். மாதம் 2,357 ரூபாய். கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினெட்டு ஆண்டில் எத்தனையோ பேரிடம் இந்தக் கணக்கைக் காட்டியிருக்கிறேன். இன்னும் எனக்கு மனம் பழகவில்லை.

போகும்போது, மகனும் அம்பத்தூரில் வேலையை விட்டுவிட்டான், அவனுக்கும் 10சி போடவேண்டும் என்றார். ஆறு ஆண்டு சர்வீஸ். பத்து ஆண்டு ஆகாமல் மாத பென்ஷன் இல்லை என்பதால் பையன்கள் எடுத்துவிடத் துடிக்கிறார்கள். பணத்தை எடுக்காமல், புதிய கம்பெனிக் கணக்கோடு பழையதை இணைத்துவிடலாம். வேலை கிடைக்கத் தாமதமானால் அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாக, இதுவரை செய்த சர்வீசுக்குச் சாட்சியான திட்டச் சான்றிதழ் கேட்கலாம். ஆறு ஆண்டும் அப்படியே நிற்கும்.

மாலையில் மகனை அனுப்பிவைத்தார். சான்றிதழ் வேண்டும் என்ற கட்டத்தில்தான் அவன் டிக் செய்தான்.