மெத்தை உறையின் ஜிப்பைத் திறந்து பாருங்கள்

மருத்துவமனைத் துணிகளுக்குப் பூச்சு போடும் வேலையில் இருக்கிறேன். புது வார்டுக்கு மெத்தை உறையோ திரைச்சீலையோ வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இது கிருமியைக் கொல்லுமா?" என்றுதான். எதைக் கொண்டு துடைக்கலாம் என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் அந்த உறை எவ்வளவு நாள் உழைக்கும் என்பது துடைக்கிற விதத்தில்தான் இருக்கிறது.

ஒருமுறை ஒரு மருத்துவமனையில் மெத்தைகளைப் பார்வையிடப் போயிருந்தேன். தினமும் துடைக்கிறார்கள், மேலே பளிச்சென்று இருந்தது. ஜிப்பைத் திறந்து உறையை விலக்கினால், இடுப்பு அழுந்தும் இடத்தில் ஃபோமில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பழுப்புக் கறை, கூடவே நாற்றம். உறையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்ததும் ஊசி குத்தினாற்போல வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. அந்த ஓட்டைகள் வழியாக உள்ளே இறங்கியது, அடுத்தவர் படுத்து எடை அழுத்தும்போது மேலேயும் வரும். இது அந்த ஒரு இடத்தின் கதை மட்டுமில்லை. இப்படி உறை வழியே ரத்தமும் கழிவும் கசிந்ததாக, 2011 ஜனவரி முதல் 2013 ஜனவரி வரை மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏவுக்கு மட்டும் 458 புகார்கள் போயிருக்கின்றன.

பெரும்பாலான நல்ல உறைகள் பின்னல் துணிமேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் படலம் ஒட்டியவை. உடம்போடு வளைந்து கொடுக்கும், வியர்வையின் ஈரத்தை ஆவியாக வெளியே விடும், தண்ணீரை மட்டும் உள்ளே விடாது, அதனால்தான் படுக்கைப் புண் வரக்கூடிய நோயாளிகளுக்கு இதைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் ஆல்கஹாலும் அடர்த்தியான குளோரினும் திரும்பத் திரும்பப் பட்டால் படலம் பலவீனமாகும். கிருமிநாசினி மருந்துத் தண்ணீரில் துடைத்த கையோடு, ஈரம் காயும் முன்பே விரிப்பைப் போட்டு நோயாளியைப் படுக்க வைத்தால், ஊறி உப்பிய படலம் உரசலில் துணியைவிட்டுக் கழன்று வரும். மருந்து வேலை செய்யும் நேரம் வரை விடுங்கள், அப்புறம் வெறும் தண்ணீரில் துடையுங்கள், நன்றாகக் காய விடுங்கள். இந்தக் கடைசி இரண்டையும்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். வார்டில் ஆள் பற்றாக்குறை எனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

சரி, கிருமியைக் கொல்லும் பூச்சு? பூச்சில் சேர்க்கும் வெள்ளி அயனி, குவாட்டர்னரி அம்மோனியம் போன்ற கிருமிக்கொல்லிகள் வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் லேபிளில் போடும் 99.9 சதவீதம் எப்படி வருகிறது என்று பாருங்கள். துணி கிருமியை எவ்வளவு கொல்கிறது என்று பார்க்கும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 20743 சோதனையில் பாக்டீரியா கலந்த திரவத்தைத் துணியில் விட்டு, 37 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம் வைத்த பிறகு எண்ணுகிறார்கள். வார்டில் ஒரு கை தொட்ட திரையை அடுத்த கை ஐந்து நிமிடத்தில் தொடுகிறது. அதோடு, மேலே காய்ந்த ரத்தமோ எண்ணெய்ப் பிசுக்கோ படிந்திருந்தால் கிருமியும் பூச்சும் சந்திப்பதே இல்லை.

திரைச்சீலையைச் சும்மா சொல்லவில்லை. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாக மாட்டிய 13 திரைகளில் 12 ஒரே வாரத்துக்குள் கிருமி ஏறியவையாக இருந்தன. திரைக்கு முதலில் வேண்டியது அடிக்கடி கழற்றி மாட்ட வசதியும் துவைக்கும் சூட்டைத் தாங்கும் துணியும். துவைக்கும்போது சாஃப்ட்னர் ஊற்றாதீர்கள், நீர் ஒட்டாத பூச்சை அது மழுங்கடித்துவிடும்.

மெத்தையைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஃபோமுக்கும் உறைக்கும் நடுவில் டிஷ்யூ பேப்பரை விரித்து, உறைமேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, முஷ்டியால் பத்துப் பதினைந்து தடவை அழுத்துங்கள், அப்புறம் மேலே உள்ள தண்ணீரைத் துடைத்துவிட்டு ஜிப்பைத் திறங்கள். பேப்பர் நனைந்திருந்தால் அந்த உறையை அன்றைக்கே மாற்றுங்கள், டேப் ஒட்டி ஓட்டாதீர்கள். ஃபோமில் கறை இருந்தால் அதுவும் போக வேண்டியதுதான், ஃபோமைக் கழுவிச் சுத்தமாக்க முடியாது.